சாலைக்கு முற்றிலும் தகுதியானது

மனிதகுலம் சக்கரத்தைக் கண்டுபிடித்தது ஒரு சாதனை என்றால், அந்தச் சக்கரத்தின் மேலிருந்த வண்டியைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்தது அதைவிடப் பெரிய சாதனை. இதை நான் போகிறபோக்கில் சொல்லவில்லை, பதவியில் இருந்துகொண்டு சொல்கிறேன். எங்கள் ‘வாகனக் கலைக்கூட’த்தின் ஆவணப் பிரிவுத் தலைவர் நான். அந்தப் பிரிவில் என்னையும் ஒரு பிரிண்டரையும் தவிர வேறு யாரும் கிடையாது. அதிலும் பிரிண்டருக்கு அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போய்விடும்.

விவரம் போதாதவர்கள் எங்கள் இடத்தை ‘ஒர்க்‌ஷாப்’ என்பார்கள். அது எண்ணெய்க் கறை இருந்த காலம். இப்போது சுவர் முழுக்க வெள்ளை. உள்ளே வருகிறவர்கள் காலுக்கு நீல உறை மாட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் முதலாளியும் முன்பு மெக்கானிக்காக இருந்து, இப்போது ‘கலை இயக்குநர்’ ஆகிவிட்டார். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, பத்தடி தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடி வண்டியைப் பார்ப்பார். ஸ்பானரைத் தொட மாட்டார். தொடுவதற்கென்றே ஒருவர் இருக்கிறார். அவரை ஸ்பானர் அண்ணன் என்போம். ஆளின் விருப்பத்துக்கேற்ப வண்டியை மாற்றிக் கொடுப்பதைக் கலை இயக்குநர் ‘கஸ்டம்’ என்பார், அண்ணன் அதை ‘கஷ்டம்’ என்றே உச்சரிப்பார். நாங்களும் திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டோம்.

வேலை முடிந்து வெளியேறும் ஒவ்வொரு வண்டிக்கும் நான் ஒரு சான்றிதழ் எழுதுவேன். கெட்டித் தாள், தங்க நிற ஓரம். ‘இவ்வாகனம் எமது கலைக்கூடத்தில் மறுபிறவி எடுத்து, சாலைக்கு முற்றிலும் தகுதியானது எனச் சான்றளிக்கப்படுகிறது.’ கீழே என் கையெழுத்து. சட்டப்படி அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. ஆனாலும் வாங்கிப் போகிறவர்கள் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டுகிறார்கள்.

அப்படிப்பட்ட எங்கள் கூடத்துக்கு ஒருநாள் டைல்ஸ் அதிபர் தம் காரோடு வந்தார். எங்கள் தெருவின் ஒரு முனையில் அவர் வீடு, மறுமுனையில் அவர் கடை. நடுவில் ஒரு பள்ளிக்கூடம். அந்தப் பள்ளியின் கழிப்பறைக்கு டைல்ஸ் போட்டுக் கொடுத்ததால் அதன் புரவலரும் அவரே.

“மூணே விநாடில நூறைத் தொடணும். எழுநூறு குதிரை சக்தி இருக்கணும்” என்றார்.

“தினமும் எவ்வளவு தூரம் சார் ஓட்டுவீங்க?” என்று கேட்டார் ஸ்பானர் அண்ணன்.

“வீட்லேருந்து கடைக்கு. ஒன்றரைக் கிலோமீட்டர்.”

“அதுக்கு எதுக்கு சார் எழுநூறு குதிரை? ரெண்டு போதுமே.”

கலை இயக்குநர் இருமினார். அந்த இருமலுக்கு எங்கள் கூடத்தில் ‘வாயை மூடு’ என்று பொருள்.

பணி தொடங்கியது. உலகத்தரம் என்று சொல்வது குறைவு. காரின் உட்கூரையில், அதிபர் பிறந்த வேளையில் வானம் எப்படி இருந்ததோ அப்படியே சின்னச் சின்ன விளக்குகளால் நட்சத்திரம் பதிப்பதாக ஏற்பாடு. விசாரித்தால், அவர் பிறந்தது காலை பத்தரை மணிக்கு. வரலாற்று உண்மைக்குத் தலைவணங்கி ஒரே ஒரு பெரிய பல்பு போட்டோம்.

அடுத்தது ஒலி. “கதவைச் சாத்தினா உள்ளே ஒரு சத்தம் வரக்கூடாது. வெளியில தெருவே அதிரணும்” என்றார். இதைவிடப் பொதுநலமான சிந்தனை இருக்க முடியுமா? சத்தம் முழுவதையும் ஊருக்குக் கொடுத்துவிட்டுத் தனக்கென்று ஒரு துளிகூட வைத்துக்கொள்ளாத மனிதரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பின்பக்கம் நான்கு புகைக்குழாய்கள் வைத்தோம்.

பிரேக்கைப் பற்றி ஸ்பானர் அண்ணன்தான் பேச்செடுத்தார். “இஞ்சினை ரெண்டு மடங்கு ஏத்தியாச்சு. பிரேக்கும் பெருசா மாத்தணும் சார்.”

“அது வெளில தெரியுமா?” என்றார் அதிபர்.

“சக்கரத்துக்கு உள்ள இருக்கும். பெருசாத் தெரியாது.”

“அப்ப இருக்கிறதுக்கே சிவப்பு அடிச்சுடுங்க.”

“நிக்கணுமே சார்?”

“பளிச்னு நிக்கும்” என்றார் கலை இயக்குநர்.

கடைசியாக, வண்டியைக் கீழே இறக்கும் கட்டம். தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் நடுவே நான்கு விரற்கடை என்று முடிவாயிற்று. யாருடைய விரல் என்று அண்ணன் கேட்டார். அதிபர் தம் கையையே நீட்டினார். நல்லவேளையாக மோதிரங்களோடு அளந்தோம், கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தது.

பள்ளி விடுகிற நேரமாகப் பார்த்து, நான்கு பேர் பார்க்கட்டும் என்று அதிபர் வண்டியை எடுத்தார். இருநூறு அடி ராஜநடை. பள்ளி வாசலில் ‘கரக்’. வேகத்தடையின் மேல் வயிறு உட்கார்ந்துகொண்டது. சக்கரங்கள் சுற்றுகின்றன, வண்டி நகரவில்லை. மூன்று விநாடியில் நூறைத் தொட்டது என்னவோ உண்மை, ஆனால் நின்ற இடத்திலேயே தொட்டது.

அந்த வேகத்தடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் பள்ளி வாசலில் ஒரு பையனுக்குக் கால் முறிந்தது. சாலை அலுவலகத்துக்கு மனு மேல் மனு போட்டும் பதில் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோர்கள் சேர்ந்து நாங்களே போட்டுவிட்டோம். என் மகள் அப்போதுதான் அந்தப் பள்ளியில் சேர்ந்திருந்தாள். நானும் சட்டி சட்டியாக ஜல்லி சுமந்தேன். அதன்பின் நான்கு நாள் முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன் என்பதையும் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

பிள்ளைகளைச் சாலை கடத்திவிடும் விசில் அக்கா, விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, “எல்லாரும் வாங்க, தள்ளிவிடுவோம்” என்றார். முப்பது பிள்ளைகள் பையைக் கழற்றி வைத்துவிட்டு ‘ஏலேலோ’ போட்டுத் தள்ளினார்கள். அதில் என் மகளும் உண்டு. இரண்டாம் வகுப்பு. கார் மேட்டிலிருந்து இறங்கியது. அதிபர் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்து பார்த்தார்.

“ஐயையோ, பெயின்ட் பூரா கைரேகை!”

அவசரக் கூட்டம் கூட்டினோம். காரை நான்கு விரல் உயர்த்திவிடலாம் என்றார் ஸ்பானர் அண்ணன். “கலையை உயர்த்துறதா?” என்று கேட்ட கலை இயக்குநருக்குக் குரலே கம்மிவிட்டது. அதிபர் வேறு வழியாகப் போகலாமே என்றேன் நான். வேறு வழியே இல்லை என்றார்கள். ஆகவே, காருக்கு ஏற்றபடி சாலையையே ‘கஸ்டம்’ செய்துவிடுவதென்று ஏகமனதாக முடிவாயிற்று. மனுவை எழுதும் பொறுப்பு ஆவணப் பிரிவுக்கு வந்தது.

நான் நன்றாகவே எழுதினேன். ‘சாலையின் இயல்பான சமநிலையைக் குலைக்கும் மேடு’ என்று எழுதினேன். ஜல்லி சுமந்த முதுகு லேசாக வலித்தது. நாற்காலி சரியில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

சாலை அலுவலகத்தில் கோப்பைப் புரட்டிய அதிகாரி தலையாட்டினார். “எங்க ரெக்கார்டுல அப்படி ஒரு வேகத்தடையே இல்லையே. இல்லாததை எப்படி சார் எடுக்கிறது?”

“போய்ப் பாத்தாத் தெரியும் சார், இருக்கு.”

“பாத்தா நிறையத் தெரியும். அதெல்லாம் ரெக்கார்டு ஆகிடுமா?”

அவரே ஒரு வழியும் சொன்னார். திங்கட்கிழமை வேகத்தடை அமைக்க அனுமதி. செவ்வாய்க்கிழமை அகற்ற ஆணை. அன்று நாங்கள் மனு மேல் மனு போட்டும் கிடைக்காத அனுமதி ஒரே நாளில் கிடைத்துவிட்டது. அந்த ஒருநாள் முழுக்க எங்கள் வேகத்தடை சட்டப்படி வாழ்ந்தது. புதன்கிழமை சாலை, டைல்ஸ் போட்டதுபோல மட்டமாக இருந்தது.

அதன்பிறகு அதிபர் தினமும் மூன்று விநாடிகளில் பள்ளியைக் கடந்தார். விசில் அக்கா எங்கள் கூடத்துக்கே வந்துவிட்டார். காலுக்கு உறை மாட்டாமல் நேராக உள்ளே வந்தார்.

“அந்த வண்டி வரும்போது நான் ஊதுற விசில் எனக்கே கேக்கலை. பிள்ளைகளுக்கு எப்படிக் கேக்கும்?”

“அப்ப விசிலை மேம்படுத்தலாமே? நம்மகிட்டயே நாலு குழாய் வச்சு...” என்று தொடங்கினார் கலை இயக்குநர். அக்கா முழுவதையும் கேட்கக் காத்திருக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை அந்தச் சத்தம் கேட்டது. குழாய்ச் சத்தம் இல்லை. டயர் தேயும் சத்தம். நான் பிரிண்டரை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். சாலை நடுவில் ஒரு தண்ணீர் பாட்டில் தட்டையாகக் கிடந்தது. நீலப் பாட்டில், மூடியில் முயல் படம். அது யாருடையது என்று எனக்குத் தெரியும்.

பாதி கடந்தபின் பாட்டில் விழுந்திருக்கிறது. எடுப்பதற்காக என் மகள் திரும்பியிருக்கிறாள். விசில் அக்கா அவள் புத்தகப் பையின் பட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்திருக்கிறார். இழுத்த வேகத்தில் அவரே விழுந்து, முழங்கை முழுக்க ரத்தம். என் மகள் அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள். கார் முப்பதடி தள்ளிப் போய், சிவப்பு பிரேக் பளிச்சென்று தெரிய நின்றுகொண்டிருந்தது.

அதிபர் இறங்கி, குனிந்து, வண்டியின் முன்பக்க அடியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அவர் சட்டையைப் பிடித்திருக்கலாம். நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். தொண்டைவரை வந்தது. ஆனால் என் வாயிலிருந்து வெளியே வந்தது இதுதான்: “சார், லேசான கீறல்தான். பாலிஷ்ல போயிடும்.”

மறுநாள் பள்ளியில் கூட்டம். புரவலர் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். பிரச்சினை பிள்ளைகளின் வேகக்குறைவுதான் என்று கண்டறியப்பட்டது. கலை இயக்குநர் எழுந்து, சமூகப் பொறுப்போடு ஓர் இலவசத் திட்டத்தை அறிவித்தார். ‘மாணவர் செயல்திறன் மேம்பாட்டு முகாம்’.

முகாமை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பைகளைத் தராசில் வைத்து எடை குறைத்தோம். ஷூவின் அடிப்பாகத்தில் பிடிமானம் சோதித்தோம். ஸ்பானர் அண்ணன் கையில் ஸ்டாப் வாட்ச்சைக் கொடுத்து, சாலையைக் கடக்க ஆறு விநாடி என்று நிர்ணயித்தோம்.

“அண்ணே, என் பொண்ணு எவ்வளவு?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“பதினொண்ணு.”

“இன்னொரு தடவை ஓட விடலாமா?”

“அஞ்சு தடவை விட்டாச்சு. நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் பாக்குது. யாரோ அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்காங்க” என்றார், என் முகத்தைப் பார்க்காமலேயே.

சொல்லிக் கொடுத்தவன் நான்தான்.

ஆறு விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் இனி வாசல் பக்கம் வரக்கூடாது. பின்பக்கக் கதவு வழியாகப் போய், முக்கால் கிலோமீட்டர் சுற்றி வர வேண்டும் என்று விதி வந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு ஓர் எழுத்துப்பூர்வ ஆவணம் தேவைப்பட்டது. தாள் எங்களிடம் இருந்தது, எழுதவும் ஆள் இருந்தது. ‘இம்மாணவி சாலைக்குத் தகுதியற்றவர் எனச் சான்றளிக்கப்படுகிறது.’ அன்று பிரிண்டருக்குக்கூட உடம்பு நன்றாக இருந்தது.

அதே நாளில், பாலிஷ் போட்ட காருக்கும் அதிபர் புதுச் சான்றிதழ் கேட்டார். அதையும் எழுதிக் கொடுத்தேன்.

சாயங்காலம் மகள் தன்னுடையதை விரித்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவந்தாள். முக்கால் கிலோமீட்டர் சுற்றியதில் முகமெல்லாம் வியர்வை.

“அம்மா, இங்க பாரேன்! அப்பா எனக்கு சர்டிஃபிகேட் குடுத்திருக்காங்க. ஓரமெல்லாம் தங்கக் கலர்! கிளாஸ்ல நிறையப் பேருக்கு இல்லவே இல்லை!”

அதில் எழுதியிருப்பதைப் படித்துப் புரிந்துகொள்ள அவளுக்கு இன்னும் வரவில்லை. என் மனைவிக்கு வரும். அவள் இரண்டு முறை படித்தாள்.

“இதே தாள்லதானே அந்தக் காருக்கும் எழுதினீங்க?”

“ஆமா.”

“அதுல என்ன போட்டிருக்கு?”

“சாலைக்கு முற்றிலும் தகுதியானதுன்னு.”

அவள் தாளை மகளிடமே திருப்பிக் கொடுத்தாள். மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, வரவேற்பறைச் சுவரில் எங்கே மாட்டலாம் என்று இடம் பார்த்துக்கொண்டிருந்தாள். “இங்கயாப்பா? கொஞ்சம் மேலயா?”

நான் அந்தத் தாளைக் கையில் வாங்கி, ஆவணப் பிரிவுத் தலைவருக்குரிய கவனத்தோடு மறுபடி சரிபார்த்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஒரே ஒரு பிழை. தகுதியற்றவரின் பெயர் மேலே இருக்க வேண்டியது. எப்படியோ கைதவறி, அது கீழே, நான் கையெழுத்துப் போட்டிருக்கும் இடத்துக்குப் போய்விட்டிருந்தது.