வெண்கலம் கையால் பாடிய பாட்டு

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த புதியவர் மூன்றாவது ஞாயிறாகவும் வாயைத் திறக்கவில்லை.

வெண்கலத்துக்கு அது தாங்கவில்லை. வார நாட்களில் அவர் பிளம்பர். ஞாயிற்றுக்கிழமை ஆலயப் பாடகர் குழுவின் தலைமைக் குரல். மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரை போய் மோதும் அந்தத் தொண்டையால்தான் அவருக்கு வெண்கலம் என்று பேர் வந்தது. முப்பது வருஷத்தில் அவர் பாடும்போது கூடவே பாடாதவர் என்று ஒருவரும் இருந்ததில்லை. இந்த மனிதர் மட்டும் கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு ஆணி அடித்தாற்போல் உட்கார்ந்திருந்தார்.

ஆராதனை முடிந்ததும் வெண்கலம் நேரே போய்ப் பிடித்தார்.

"ஐயா, பாட்டு பிடிக்கலையா? இல்ல, நான் பாடறது பிடிக்கலையா?"

புதியவர் பதறினார். உதட்டைத் தொட்டு, முடியாது என்று கையை ஆட்டினார். கழுத்தைக் காட்டினார், காற்றில் என்னென்னவோ வரைந்தார், சட்டைப் பையில் பேனாவைத் துழாவினார். அதற்குள் வெண்கலத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தார்.

"பாவம், அவருக்குப் பேச்சு வராது. காதும் கேட்காது. அவர்கிட்டப் போய் வாயைக் கொடுத்துட்டேன்," என்றார் மனைவியிடம்.

"காது கேட்காதுன்னு அவரே சொன்னாரா?"

"கேட்காதவர் எப்படிச் சொல்லுவாரு?"

மனைவி அந்த நியாயத்தோடு மல்லுக்கட்டவில்லை.

"அப்ப ஒருத்தருக்கு என் பாட்டு காதுல விழாமயே போயிருக்கு," என்றார் வெண்கலம்.

"கொடுத்து வெச்சவர்."

வெண்கலம் சிரிக்கவில்லை. "எல்லாரும் உள்ள உட்கார்ந்து ஆண்டவரைப் புகழறோம். அவர் மட்டும் வாசல்ல நிக்கிற மாதிரி இருக்கு."

மனைவியின் தங்கை, காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் ஆசிரியை. அன்று மத்தியானமே அவளுக்குப் போன் போனது.

"ஒரே வாரத்துல சைகை வராது அத்தான்."

"நாலு வரிதானேம்மா!"

அடுத்த ஞாயிறு அந்த நாலு வரியும் ஆலயத்தை ஒரு வழி பண்ணிவிட்டன. 'உயர்ந்தவரே' என்று வெண்கலம் வலது கையை வீச, பக்கத்தில் பாடிக்கொண்டிருந்த மருந்துக்கடைக்காரரின் கண்ணாடி பறந்து கீபோர்டில் விழுந்து, பாட்டில் இல்லாத மூன்று சுரங்களை எழுப்பியது. இடம் போதவில்லை என்று ஓர் அடி முன்னால் வந்தார். போதகர் மறைந்து போனார். போதகரை மறைக்கக் கூடாதே என்று இடப்பக்கம் ஒதுங்கினார். மைக் ஒயர் காலில் சிக்கி, மைக் ஸ்டாண்டு அவர் பின்னாலேயே வந்தது.

ஆராதனை வீடியோவைப் பார்த்த மச்சினி போன் பண்ணினாள்.

"அத்தான், 'உம்மைப் புகழ்வேன்'னு நீங்க காட்டலை."

"பின்ன?"

"'உமக்குப் பல் வலி'ன்னு காட்டியிருக்கீங்க. நாலு தடவை."

வெண்கலம் வெட்கத்தில் தலையைப் பிடித்துக்கொண்டார். இனி நேரம் கிடைக்கும்போதெல்லாம் பயிற்சி என்று முடிவு செய்தார். செவ்வாய்க்கிழமை ஒரு வீட்டுச் சமையலறையில், கழற்றிய குழாய்க்கு முன்னால் மண்டியிட்டுக் கையை மேலும் கீழும் ஆட்டினார். தண்ணீரைத் திறந்துவிடச் சொல்கிறார் என்று வீட்டுக்காரம்மாள் வால்வைத் திருகிவிட்டாள். சொட்டச் சொட்ட வீடு திரும்பியவரிடம் மனைவி துண்டை நீட்டினாள்.

சைகை ஓரளவு படிந்தபோது வேறு வம்பு வந்தது. குரல் ஓடுகிற வேகத்துக்குக் கை ஓடவில்லை. கைக்காகக் குரலை இழுத்தார். குழுவில் பாதிப் பேர் அவரோடு நின்றார்கள், மீதிப் பேர் கீபோர்டோடு போய்விட்டார்கள். ஒரே பாட்டு இரண்டு முறை முடிந்தது.

போதகர் தனியே அழைத்தார். "உங்க மனசு எனக்குப் புரியுது. ஆனா வாயா, கையா, ஏதாவது ஒண்ணை முடிவு பண்ணுங்க."

வாய் என்பதுதான் பதில் என்று எல்லோரும் நினைத்தார்கள். முப்பது வருஷத்துத் தலைமைக் குரலை யார் விடுவார்கள்?

"கை," என்றார் வெண்கலம். "பாட நாற்பது பேர் இருக்கீங்க. அவருக்கு யார் இருக்கா?"

தலைமைக் குரல் மருந்துக்கடைக்காரருக்குப் போனது. வெண்கலத்துக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய்.

கைக்குப் படியாமல் மிஞ்சியிருந்தது ஒரு வரி: 'கண்ணீரை எண்ணி வைத்தவரே.'

"யாரோட கண்ணீர், அத்தான்?" என்று கேட்டாள் மச்சினி.

"பாட்டுல அது இல்லையேம்மா."

"பாட்டுல இல்லாட்டி பரவாயில்ல, உங்களுக்குத் தெரியணும். யார் கண்ணுலேர்ந்துன்னு தெரியாம கை எங்கேயிருந்து கிளம்பும்?"

வெண்கலம் யோசித்தார். முப்பது வருஷமாக அந்த வரியில் அவர் யோசித்ததெல்லாம் 'எண்ணி' என்பதற்கு முன்னால் மூச்சு எடுப்பதைப் பற்றித்தான். அவர் மனைவி ஆபரேஷன் அறையில் கிடந்த நாள் இப்போது நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் போய், சத்தம் வெளியே கேட்காதபடி குழாயைத் திறந்துவிட்டு, தொட்டி நிறையும் வரை அழுதார். மனைவிக்குக்கூட அது தெரியாது. யாரும் பார்க்கவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார்.

அந்த ஞாயிறு அவர் கை அவருடைய கண்ணிலிருந்தே கிளம்பியது. ஒரு விரலால் துளியைத் தொட்டு உள்ளங்கையில் வைத்தார். இன்னொன்று. இன்னொன்று. குழாய் முடுக்கி முடுக்கிக் காய்த்துப்போன அந்தப் பெரிய உள்ளங்கையை, ததும்பினால் சிந்திவிடுமோ என்பதுபோல் மெல்ல மேலே தூக்கினார்.

மருந்துக்கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டாமல் குரலைத் தாழ்த்தினார். பெண்கள் பக்கத்தில் வெண்கலத்தின் மனைவி பாடுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்வரிசைக்காரர் மஃப்ளரால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதிலிருந்து எது எப்படி மாறியது என்று யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பாட்டுப் புத்தகத்தில் முகத்தைப் புதைத்திருந்தவர்கள் நிமிர்ந்து வெண்கலத்தின் கையைப் பார்த்துப் பாடினார்கள். கை நின்ற இடத்தில் அவர்களும் நின்றார்கள். "பாட்டு பத்து நிமிஷம் நீளுது, ஆனா யாரும் வாட்ச்சைப் பார்க்கக் காணோம்," என்றார் போதகர். இப்படியே நாலு மாதம் ஓடியது.

ஒரு திங்கட்கிழமை காலை, வாஷ்பேசின் ஒழுகுகிறது என்று ஒரு புது வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. வேலைக்குக் கிளம்பிய கோலத்தில், நர்ஸ் சீருடையில் ஓர் அம்மாள் கதவைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஓர் ஆண்குரல் கொஞ்சமும் சுருதி சேராமல், ஆனால் நெஞ்சு நிறைய, 'கண்ணீரை எண்ணி வைத்தவரே' என்று பாடிக்கொண்டிருந்தது.

வெண்கலம் எட்டிப் பார்த்தார். முகத்தில் சோப்பு நுரையோடு முன்வரிசைக்காரர்!

பாட்டு பாதியில் நின்றது.

"உங்களுக்குக் காது கேட்குமா?" என்றார் வெண்கலம்.

கேட்காது என்று முன்வரிசைக்காரர் அவசரமாகத் தலையாட்டினார்.

வெண்கலத்துக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "நாலு மாசமா, ஒரு ஆளுக்காக, என் குரலையே விட்டுட்டு..."

"அவரைக் கோவிச்சுக்காதீங்க," என்று குறுக்கே வந்தாள் அவர் மனைவியான அந்த அம்மாள். "நீங்கதான் அந்தக் கைக்காரரா? இவருக்குக் காது எப்பவுமே நல்லாக் கேட்கும். தொண்டையில ஆபரேஷன், அதான் பேசாம இருந்தாரு. பேசலாம்னு டாக்டர் சொல்லி மூணு மாசமாச்சு. 'நான் வாயைத் திறந்தா அந்த மனுஷன் கையை இறக்கிடுவாரு, அப்புறம் நாங்க அத்தனை பேரும் பழையபடி வெறும் வாயால பாட ஆரம்பிச்சுடுவோம்'னு, சர்ச்சுல மட்டும் ஊமையா உட்கார்ந்துட்டு வர்றாரு."