அம்மன் கோயில் பெனருல ஆளாளுக்கு ஒரு தல

எங்க தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு ஒரு பெனர் டிசைன் பண்ணிக் குடுக்கணும். வேலை அவ்வளவுதாங்க.

ஃப்ரீலான்ஸ் வாழ்க்கையில எனக்குக் கெடச்ச மொதல் ஓடர்!

ஏ.எல். பரீட்சை முடிச்சிட்டு வீட்ல சும்மா இருந்தப்ப ஒரு வீடியோ பார்த்தேன். கோட்டு போட்ட ஒருத்தர் சொல்றாரு: "வீட்டிலிருந்தே உழைக்கலாம்! முன் அனுபவம் தேவையில்லை! உங்களுக்கு நீங்களே முதலாளி!"

அனுபவம் இல்லாததுல நம்மள அடிச்சிக்க ஆளே கெடையாது. அன்னைக்கே போன்ல டிசைன் பண்ற ஆப் ஒண்ண எறக்கிட்டேன்.

அப்பாக்கிட்ட சொன்னேன்.

"வேலையா? தொர யாரு?"

"தொரையெல்லாம் இல்லப்பா. நான்தான் தொர."

அப்பா எங்க லயத்து வீட்டு வாசல்ல கெடந்த பிளாஸ்டிக் கதிரையையும், அதுல உக்காந்திருந்த என்னையும் மேலயும் கீழயும் பார்த்தாரு.

"சரிங்க தொர. காலையில ஆள் கூப்பிடுற பெரட்டு எத்தன மணிக்கு?"

நக்கல்! ஆனா அடுத்து சொன்னது நக்கல் இல்ல.

"திருவிழாவுக்குள்ள ஒரு வேலைய உருப்படியா செஞ்சு காட்டு மகேசு. இல்லாட்டி சித்தப்பா சொன்ன கொழும்பு துணிக்கடைக்குக் கெளம்பு."

அந்தக் கடையில வேலை செய்யற எங்க அக்கா தீவாளிக்கு வந்தப்ப அவ காலப் பார்த்தேன். நாள் பூரா நின்னு நின்னு வீங்கிப் போயிருந்துச்சு. எனக்கு நெசமாவே பயம் வந்துருச்சு. இந்த பெனர் ஒழுங்கா வந்தாதான் நான் வீட்ல இருக்க முடியும்.

கோயில் கமிட்டித் தலைவர் வீரையா மாமாதான் ஓடர் குடுத்தவரு. தோட்டத்துல ஒரு தொழிற்சங்கத்துக்கும் அவருதான் தலைவர்.

"அம்மா படத்த நல்லா பெருசா போடு. சுத்தி வேப்பிலை. வேற ஒண்ணும் வேணாம்."

போட்டேன். செவப்புப் பட்டுல அம்மன் அப்படியே சிரிக்கிறா. எனக்கே கண்ணு கலங்கிருச்சு. மாமாவும் பார்த்துட்டுக் கன்னத்துல போட்டுக்கிட்டாரு.

"அருமை! அருமை! ஆமா, என் படம் எங்க?"

சரி, ஒரு மூலையில அவரையும் வச்சேன்.

அது எப்படித்தான் தெரிஞ்சுச்சோ, அடுத்த சங்கத்துத் தலைவர் செல்லமுத்து மாமா வந்து நின்னாரு. "கோயில் எல்லாருக்கும் பொதுதானே புள்ள?"

அவரையும் வச்சேன். வீரையா மாமா திரும்பி வந்தாரு. போன வாங்கி வெரலால அளந்து பார்த்தாரு.

"அவன் தல என் தலைய விட பெருசா இருக்கே?"

"மாமா, அவருக்கு முடி இருக்குங்க. அதான்."

சொல்லியிருக்கக் கூடாது. மாமா தொப்பியக் கழட்டாம ஒரு மணி நேரம் உக்காந்திருந்து, தன் தலையப் பெருசாக்கிட்டுத்தான் எழும்பினாரு.

அதுக்கப்புறம் சும்மா வரிசையில வந்தாங்க. மாதர் சங்கத் தலைவி சரோஜாக்கா, "பொங்கல் வைக்கிறது நாங்க, படம் ஆம்பளைங்களுக்கா?"ன்னு கேட்டாங்க. நியாயம்தானே? இளைஞர் கழகப் பசங்க மொத்தமா கூலிங் கிளாஸ் போட்டு ஒரு படம் அனுப்புனானுங்க. பிரதேச சபை எலெக்சன்ல நிக்கப் போறவரு ரெண்டு கையும் கூப்பி அனுப்புனாரு. சவுண்ட் செட்டுக்குக் காசு அனுப்புன கட்டார்ல வேலை செய்யற பையனோட அம்மா வந்து, "மகன் கார்ல சாஞ்சி நிக்கிற படம். கார வெட்டிராத கண்ணு"ன்னாங்க.

ஒவ்வொரு தலைக்கும் அம்மன கொஞ்சம் கொஞ்சமா மேல தள்ளுனேன். கொஞ்சம் கொஞ்சமா சின்னதாக்குனேன். எனக்கு நானே முதலாளின்னு சொன்ன அந்தக் கோட்டுக்காரன் மட்டும் கையில கெடச்சிருந்தா!

கடைசி நாள். எங்க லயத்துல சிக்னல் கெடையாது. தேயிலை மலையில தண்ணி டேங்கிக்குப் பக்கத்துல ஒரு கல்லு மேல நின்னாதான் வரும். பிரிண்ட் கடைக்கு அனுப்பலாம்னு அங்க நிக்கிறேன், வீரையா மாமா கோல் எடுக்குறாரு.

"மகேசு! கடை முதலாளி படம் விட்டுப்போச்சு! அன்னதான அரிசி அவருதுமா!"

எடம் எங்க இருக்கு? அம்மன ஒரு நிமிசம் வெளிய எடுத்து வச்சிட்டு, அந்த எடத்துல முதலாளியப் பொருத்திப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து சிக்னல் நல்லா வந்துச்சு. போயிருமோங்கற பதட்டத்துல பட்டுனு அனுப்பிட்டேன்.

பிரிண்ட் கடை அண்ணன் கோல் எடுத்தாரு. "நங்கி, மேக எலெக்சன் எகட்டத?" தங்கச்சி, இது எலெக்சனுக்கான்னு சிங்களத்துல கேக்குறாரு! "நே, கோவில் எகட்ட", இல்ல கோயிலுக்குன்னு சிரிச்சிட்டு வச்சிட்டேன். அப்பவாவது எனக்கு உறைச்சிருக்கணும்.

மறுநாள் தப்பு அடிச்சு, வெடி போட்டு, கோயில் வாசல்ல பெனர ஏத்துனாங்க. அண்ணாந்து பார்த்தேன்.

அடியாத்தீ! அம்மனக் காணோம்!

மேல கொட்டை எழுத்துல அம்மன் பேரு. கீழ பூரா தல. கொழும்பு பஸ்ஸு கண்ணு முன்னால வந்து நிக்குது.

செல்லமுத்து மாமா வேகமா வந்தாரு. "என்ன புள்ள இப்படிப் பண்ணிட்ட?"

"மன்னிச்சிருங்க மாமா, சிக்னல்..."

"என் மீசைய முதலாளி தோளு மறைக்குது பாரு!"

சரோஜாக்காவுக்கு அவங்க கறுத்துத் தெரியறாங்களாம். கட்டார்க்காரன் அம்மாவுக்கு டயர் தெரியலையாம். வேற யாரும் ஒண்ணும் சொல்லல. செல்ஃபி மட்டும் எடுத்துக்கிட்டே இருந்தாங்க.

பூசாரி ஐயா சூடத்தோட வந்தாரு. பெனர மேலருந்து கீழ வரைக்கும் தேடுனாரு. போச்சு, மாட்டிக்கிட்டேன்னு நெனச்சேன். மெதுவா என் பக்கத்துல வந்தாரு.

"பாப்பா, எங்கிட்டயும் ஒரு நல்ல படம் இருந்துச்சே. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

கண்டுபிடிச்சது அப்பா ஒருத்தருதான். கூட்டம் கலையிற வரைக்கும் காத்திருந்தாரு. அப்புறம் காதுக்கிட்ட வந்து, "தொர, அம்மன் எங்க?"ன்னாரு.

நான் அழுதுட்டேன். நெசமா அழுதுட்டேங்க. "நான் கொழும்புக்கே போறேம்பா."

"அங்க எங்க போற? நம்ம தோட்டத்துக் கீழ் டிவிசன் கோயில் கமிட்டி ஆளுங்க வந்து கேட்டுட்டுப் போறாங்க. அவங்களுக்கும் அச்சு அசல் இதே மாதிரியே வேணுமாம்."

அன்னையிலருந்து ஓடருக்குக் கொறச்சல் இல்ல. மீசை, டயர், கலர்னு இன்னைக்கு வரைக்கும் வீடு தேடி வந்து சண்ட புடிக்கிறாங்க. தன் படம் ஏன் இல்லன்னு ஒரு வார்த்த கேக்காத ஒரே கஸ்டமர், மாரியம்மாதான்.