வாசலண்ணாச்சியும் டெக்சாஸ் மரவீடும்

விருதுநகர் ஜில்லாவில் ஒரு தீபாவளிக்குத் தயாராகிற அத்தனை வெடியையும் ஒரே இடத்தில் குவித்தாலும், வாசலண்ணாச்சியின் நெஞ்சுக்குள் இருந்த பயத்துக்கு ஈடாகாது. பயப்படுவதில் அப்படியொரு மேதையை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

திருத்தங்கல் ரோட்டில் நான் கணக்கு எழுதிய பட்டாசுக் கம்பெனியில் அவர் போர்மேன். பெற்றவர்கள் வைத்த பெயர் ஏதோ ஒன்று இருந்தது. அது யாருக்கும் தேவைப்படவில்லை. எங்கே போனாலும் வாசலுக்கு ஒரு கை தூரத்தில்தான் உட்காருவார், அதனால் வாசலண்ணாச்சி. தாயில்பட்டி பஸ்ஸில் ஏறினால் படிக்கு மேலே ஏற மாட்டார்.

"அண்ணாச்சி, உள்ள போங்க. நடுவுல அம்புட்டு எடங் கெடக்குல்ல?" என்று கண்டக்டர் கத்துவார்.

"நடுவுல ஒன் மாமனார உக்கார வையி. நா இங்கனயே நிக்கேன்."

சொந்த மகள் செல்வியின் கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரம் பார்த்துப் பெண்ணின் அப்பாவைக் காணோம். தேடினால், மேடைக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த கதவைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். "சாவி யாருட்ட இருக்கு? கதவு தொறக்காம கெட்டிமேளம் கொட்டப்படாது!" ஐயர் நல்ல நேரம் போகிறது என்று தலையில் அடித்துக்கொண்டார். சாவி வந்தது, கதவு திறந்தது, அப்புறம்தான் செல்வி கழுத்தில் தாலி ஏறியது.

அவருக்குத் தெரிந்த உலகம் பட்டாசு ஷெட். ஒரு அறைக்கு இத்தனை பேர்தான், கதவெல்லாம் வெளிப்பக்கம்தான் திறக்க வேண்டும், ஏதாவது பொறி தெரிந்தால் யோசிக்காமல் ஓட வேண்டும். அந்தச் சட்டத்தை அவர் பூலோகம் முழுவதுக்கும் நீட்டிவிட்டார், அவ்வளவுதான். வாரத்துக்கு ஒரு தடவை திடீரென்று விசில் ஊதி எல்லோரையும் ஷெட்டிலிருந்து ஓட விடுவார். "செருப்பத் தேடாத! ஏலே, செருப்பத் தேடாத!" என்று பின்னாலேயே கத்திக்கொண்டு வருவார். பெண்கள் ஓடிக்கொண்டே சிரிப்பார்கள்.

செல்வி புருஷனோடு டெக்சாஸுக்குப் போனாள். மாப்பிள்ளைக்கு அங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஷெட்டுப் பக்கம் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் அண்ணாச்சியின் போன் என் மேஜை டிராயரில்தான் கிடக்கும். காலையில் செல்வி கூப்பிட்டால் நான் ஆள் அனுப்புவேன். வந்து, என் அறை வாசலில் நின்றபடி, போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவார். அப்படித்தான் அந்தக் குடும்பத்து சங்கதியெல்லாம் எனக்கு அத்துப்படி.

ஒரு நாள் செல்வி, "அப்பா, வீடு வாங்கப் போறோம்" என்றாள்.

"விசா எத்தன வருசத்துக்குத் தாயி?"

"மூணு வருசம். அப்புறம் நீட்டிச்சுக்கிடலாம்ப்பா."

"கடன்?"

"முப்பது வருசம்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "மூணு வருச லைசென்ஸ வச்சுக்கிட்டு முப்பது வருசத்துக்கு எவனாவது ஷெட்டு போடுவானாடே?"

எங்கள் முதலாளி லைசென்ஸ் புதுப்பிக்கிற மாசம் சோறு தண்ணி இறங்காமல் அலைவதை வருஷா வருஷம் பார்த்தவர் அவர். வேலை இருந்தால்தான் விசா, விசா இருந்தால்தான் அந்த ஊர் என்பது எனக்கு முன்னாலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. "எல்லாரும் இப்படித்தாம்ப்பா வாங்குறாக" என்றாள் மகள். பாவி மனுஷர் விடவில்லை.

"சொவரு செங்கல்லா, ஹாலோ பிளாக்கா?"

"மரம்ப்பா. இங்க எல்லா வீடும் மரந்தான்."

போனை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போய் இரண்டு செம்பு தண்ணீர் குடித்தார். "தீப்பெட்டிக்குள்ள குடி போறாடே எம் மக" என்றார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வீட்டின் பிளானை அனுப்பச் சொன்னார். தெரிந்த பிரஸ்ஸில் கொடுத்துப் பெரிதாக அடித்து வாங்கி வந்தேன். சிவகாசி பிரஸ்காரர் சும்மா தருவாரா? காலண்டர் அடித்த பழக்க தோஷத்தில் மேலே ஒரு பிள்ளையாரையும் கீழே பன்னிரண்டு மாசத்தையும் சேர்த்து அடித்துவிட்டார். அந்த டெக்சாஸ் காலண்டரை என் அறையில் மாட்டி, எந்த அறையிலிருந்து எப்படி ஓட வேண்டும் என்று சிவப்புப் பென்சிலால் அம்புக்குறி போட்டார் அண்ணாச்சி. லோடு ஏற்ற வந்த லாரி டிரைவர் அதைப் பார்த்து, "எந்த ஊருல புது யூனிட்டு போடுதீக?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அத்தனை தடையையும் மீறி வீடு வாங்கினார்கள். பால் காய்ச்சுகிற சடங்கை எங்களுக்குப் போனிலேயே ஒலிபரப்பினாள் செல்வி. பால் பொங்கியது, சாம்பிராணி போட்டார்கள். திடீரென்று போனுக்குள் ஒரு அலறல்! புகை பட்டால் கத்துகிற கருவி கூரையில் இருந்திருக்கிறது. அது எனக்கு எப்படித் தெரியும்? "ஓடு தாயி! செருப்பத் தேடாத!" என்று கத்திவிட்டு அண்ணாச்சி ஓடினார். அலறியது டெக்சாஸில், இவர் நின்றது திருத்தங்கல் ரோட்டின் நடுவில். பின்னாலேயே நானும் நின்றேன் என்பதை இங்கே சொல்லாமல் விட்டால் என் மனைவி சும்மா விட மாட்டாள்.

விஷயம் தெரிந்ததும் மனுஷருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஆபத்துன்னா கத்துதுல்ல? அப்ப நல்ல வீடுதான்" என்று அன்றைக்குத்தான் சம்மதம் கொடுத்தார். அந்த வீட்டில் இருக்கும்போதுதான் பேத்தி பிறந்தாள்.

அமெரிக்காவில் பெரிய பெரிய பேங்குகளே கவிழ்ந்த வருஷம், மாப்பிள்ளைக்கு வேலை போயிற்று. அதற்கு எந்தக் கருவியும் கத்தவில்லை. சீக்கிரம் வேறு வேலை கிடைக்காவிட்டால் ஊரைக் காலி செய்ய வேண்டியதுதான். செல்வியின் விசாவில் அவள் வேலைக்குப் போக முடியாது. வீட்டை விற்கலாமென்றால் கடனுக்குப் பாதிகூடத் தேறாது போலிருந்தது. அண்ணாச்சி தினமும் ஷெட்டுக்கும் என் டிராயருக்குமாக நடந்தார். ஏற்கெனவே ஒல்லி, இன்னும் வற்றிப்போனார். எனக்கு அவரைக் கேலி செய்ய வாய் வரவில்லை.

ஒரு காலையில் செல்வி அழுதுகொண்டே கூப்பிட்டாள். "வேல கெடைக்கலப்பா. எல்லாத்தையும் இந்த வீட்டுலதாம்ப்பா போட்டோம். விட்டுட்டு எப்படி வர? விசா இல்லாட்டியும் கொஞ்ச நாளு ஒளிஞ்சு மறைஞ்சு இருந்து பாக்கலாங்காக இவுக."

சரி, மனுஷர் மயங்கி விழப்போகிறார் என்று நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. அத்தனை வருஷத்தில் நான் கேட்டிராத நிதானத்தோடு பேசினார்.

"தாயி, நா செருப்பத் தேடாதன்னு கத்துதேம்ல, ஏன்னு ஒன்கிட்ட சொன்னதில்ல. எங்கூட வேல பாத்த சேக்காளி ஒருத்தன். ஷெட்டு பத்திக்கிட்ட அன்னிக்கு ரெண்டு பேரும் வெளிய ஓடியாந்துட்டோம். அவன் புதுச் செருப்பு வாங்கி ரெண்டு நாளுதான் ஆச்சு. வாசல்ல கெடக்குன்னு எடுக்கப் போனான். அம்புட்டுத்தான்." போனை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "வீடு செருப்பு தாயி. கெடக்கட்டும். புள்ளையத் தூக்கிட்டு, மாப்பிள்ளையக் கூட்டிட்டு வந்துரு. அப்பன் இருக்கேன்."

அந்தப் பக்கம் செல்வி புருஷனைக் கூப்பிட்டாள். இந்தப் பக்கம் நான் கணக்கு நோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

வீட்டை பேங்கிடமே விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். சென்னையிலிருந்து சிவகாசி ரயிலில் இடம் கிடைக்கவில்லை. திருநெல்வேலி வண்டியில் வந்து விருதுநகரில் இறங்குவதாக ஏற்பாடு. வேன் பிடித்துக்கொண்டு நானும் அண்ணாச்சியும் ஜங்ஷனுக்குப் போனோம். வண்டி நின்றது. மாப்பிள்ளை வாசலில் நின்று பெட்டி பெட்டியாக இறக்க, நான் வாங்கி அடுக்கினேன். கடைசிப் பெட்டியோடு அவரும் இறங்கினார். செல்வியும் குழந்தையும் இன்னும் உள்ளே.

"அண்ணாச்சி, நீங்க நில்லுங்க. நா போயி கூட்டியாரேன்" என்று திரும்பினால், ஆளைக் காணோம். ஏறுகிற கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விட்டிருந்தார். வண்டியும் கிளம்பிவிட்டது. பிளாட்பாரத்தில் மாப்பிள்ளை, நான், எட்டுப் பெட்டிகள். பதறிப்போய் போன் போட்டேன்.

"அண்ணாச்சி! எங்கன இருக்கீக?"

"வண்டியிலதான்டே."

"வாசப் பக்கமா?"

"இல்லடே, நட்ட நடுவுல. செல்வி பக்கத்துல இருக்கா. புள்ள எம் மடியில தூங்குது, எழுப்ப மனசு வரல. அடுத்த ஸ்டேஷன்ல எறங்கிக்கிடுதோம், நீங்க வேன எடுத்துக்கிட்டு மெதுவா சாத்தூருக்கு வாங்க."