சும்மா கிடக்கும் கருந்துளை

ஒன்றும் செய்யாமலிருப்பதில் வானாய்வு மையத்தின் இயக்குநரை மிஞ்ச அண்ட சராசரத்திலும் ஆள் கிடையாது. அந்த நாற்காலியில் அமர்ந்த நாள்முதல் அவரிடமிருந்து ஓர் ஒளிக்கீற்றுகூட வெளிப்பட்டதில்லை. ஆனாலும் மையம் முழுக்க அவரையே சுற்றிச்சுற்றி வந்தது.

அங்கே தற்காலிக வேலையிலிருந்த ஆராய்ச்சிக்காரப் பெண்ணுக்கும் அப்படியொரு வஸ்துவின்மேல்தான் பித்து: எதையும் விழுங்காமல், வெளிச்சம் காட்டாமல், சும்மா கிடக்கும் கருந்துளை. அதைப் பார்க்க முடியாது. ஆனால் அதனிடம் மாட்டிக்கொண்டு சுற்றும் நட்சத்திரத்தின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால், அதிலுள்ள கருங்கோடுகள் ஒருநாள் நீலப் பக்கம் ஒதுங்கும், இன்னொருநாள் சிவப்புப் பக்கம். அந்த ஆட்டத்தை வைத்தே, ஆட்டிவைப்பது எவ்வளவு கனம் என்று சொல்லிவிடலாம். சொல்லிவிட்டால் அவளுக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் வருடக் கடைசியில் மூட்டை கட்டவேண்டியதுதான்.

தொலைநோக்கி நேரத்தை ஒதுக்கும் 'உயர்மட்டக் குழு' கூடியது.

"இந்த நட்சத்திரத்தத்தான் போன மாசமே பாத்தாச்சேம்மா?" என்றார் குழுத் தலைவர்.

"திரும்பத் திரும்பப் பாத்தாத்தான் சார் ஆட்டம் தெரியும்."

"ஆடாம நிக்கிறதா ஒண்ணு எடுத்துக்க. ஒரே தடவைல வேல முடிஞ்சிடும்."

இயக்குநர் கண்மூடி ஆமோதித்தார். தூங்குகிறார் என்று சொல்பவர்கள் நிர்வாகம் அறியாதவர்கள்.

அவள் வாதாடவில்லை. ஒரே நட்சத்திரத்துக்கு ஒவ்வொரு விண்மீன் அட்டவணையிலும் ஒவ்வொரு பெயர் உண்டு. மாதாமாதம் அதையே வேறு வேறு பெயர் சொல்லிக் கேட்டாள். குழு பூரித்துப்போனது.

"இப்பத்தான் பொண்ணு உருப்படியா வேல செய்யுது. மாசத்துக்கு ஒரு புது நட்சத்திரம்," என்று மெச்சினார் தலைவர்.

கோடுகள் ஆடின. கருந்துளை அகப்பட்டது. நடந்ததை ஒளிக்காமல் குழுவிடம் சொல்லி, முடிவை முன்வைத்தாள். இயக்குநர் முதன்முறையாகக் கண் திறந்தார்.

"ஒரே நட்சத்திரத்துக்கு இத்தன பேரா? எங்கள ஏமாத்திருக்க. உன் வேலைய நீட்டிக்க வழியில்ல."

"அப்ப கண்டுபிடிப்பு தப்பா சார்?"

"அதுல என்ன தப்பு? பிரமாதமா இருக்கு. என் பேர்ல வரும்."

மேசையைச் சுற்றிக் கைதட்டல் எழுந்தது.

கடைசி நாளன்று, மேசையைக் காலிசெய்துகொண்டிருந்தவளிடம் குழுத் தலைவர் வந்து ஆறுதல் சொன்னார்.

"மனச விட்டுடாதம்மா. ஒரு வகைல நம்ம இயக்குநரும் உன் கருந்துளை மாதிரிதான். இருக்கற எடம் தெரியாது, ஆனா எல்லாரையும் ஆட்டி வைப்பாரு."

"அதோட அவர சேக்காதீங்க சார்," என்றாள் அவள், பெட்டியை மூடியபடி. "அது பக்கத்துல இருக்கறத முழுங்காது."