விழிப்புக் குழு உறுப்பினர் எழுதுவது

ஆரம்பாக்கம்,
செவ்வாய்க்கிழமை.

ஊத்துக்கோட்டை அந்தோணி மச்சானுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் யேசுதாஸ் வணக்கத்தோடு எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். கடிதம் எழுதக் காரணம், என் போன் என் மகன், உங்கள் மருமகன் ஸ்டீவன் கையில் இருக்கிறது.

சனிக்கிழமை நைட் ஷிப்ட் முடித்த கையோடு கோயில் ஹாலில் போலீஸ் கூட்டத்துக்குப் போனேன். பிள்ளைகள் வெறி பிடித்த கூட்டத்தில் சேராமல் ஊராரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் அம்மா பேசினார். நான் தூங்கி வழிந்தேன். "குழுவில் யார் சேர்கிறீர்கள்?" என்று அவர் கேட்ட நேரம் பார்த்து என் தலை மூன்று முறை ஆடியதாம். கைதட்டலில் கண் விழித்தால் நான் விழிப்புக் குழு உறுப்பினர்.

ஒரு தாள் கொடுத்தார்கள். கதவைச் சாத்திக்கொள்வது, போனை மறைப்பது, புது சிநேகிதம், வீட்டில் பேசாதது என்று அடையாளம் போட்டு, அப்படிப்பட்ட பையன் இருந்தால் பெயர் எழுதித் தரச் சொன்னார்கள். எல்லாம் ஸ்டீவனுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. பெற்ற பிள்ளையைச் சந்தேகப்படுவேனா மச்சான், சும்மா காற்று வாங்கத்தான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோவில் அவன் பைக் பின்னாலேயே போனேன். எங்கள் கம்பெனிக்குப் பின்னால் ஒடிசாக்காரர்கள் தங்கும் தகர ஷெட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தினான். நான் தள்ளித் திறந்து, "யாரும் அசையாதீங்க, நான் கமிட்டி" என்றேன். உள்ளே எட்டுப் பேர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். எட்டுப் பேரும் கண்ணீரோடு என்னைப் பார்த்தார்கள்.

"இன்னா நைனா, முக்காடு போட்டுக்கினு வந்துக்கிற?"

"நீ இன்னாடா பண்ற இங்க?"

"புள்ள புடிக்கிறவன் வந்துக்கிறான், வடக்கத்தி ஆளுங்களக் கட்டி வச்சு அடிங்கன்னு ஒரு வாய்ஸ் மெசேஜ் சுத்துது. நாலு நாளா இவங்க கடைக்கே போகல. நான்தான் அரிசி, காய் வாங்கியாறேன்."

"எந்தப் பாவி அனுப்புனான்?"

போனைக் காட்டினான். நம்ம சபை வாட்ஸ்அப் குரூப். என் நம்பர். கீழே கைகூப்பும் படமும் நானே போட்டிருக்கிறேன்.

ஒருவர் ஸ்டூல் போட்டு டீ கொடுத்தார். இரண்டு டம்ளர் குடித்து முடிப்பதற்குள் ஸ்டீவன் என் போனை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டான். உங்களுக்கும் அதையே அனுப்பியிருந்தேன் மச்சான், தயவுசெய்து அழித்துவிடுங்கள். நீங்கள் யாருக்கு அனுப்பினீர்களோ அவர்கள் வீட்டுக்கெல்லாம் நடந்தே போய்ச் சொல்லுங்கள், உங்கள் சர்க்கரைக்கும் நல்லது. அக்காவுக்கு அன்பு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். கர்த்தர் உங்களைக் காக்கட்டும், வந்ததையெல்லாம் அனுப்பிவிடும் என் கட்டைவிரலையும் காக்கட்டும்.

யேசுதாஸ்

பி.கு.: காற்று வாங்கப் போனது பொய். அதற்கு முன்பே தாளில் ஸ்டீவன் பெயரை எழுதிவிட்டேன். நேற்று அதை அடித்து என் பெயரை எழுதிக் கொடுத்தேன். கொடுக்கும் முன்பே அடித்த பெயரை அவன் பார்த்துவிட்டான். "சாப்ட்டியா நைனா?" என்று மட்டும் கேட்டான். "சாப்ட்டேன்" என்றேன். "உன்னப் போய் சந்தேகப்பட்டுட்டேன்டா, மன்னிச்சுக்கோ" என்று நான் சொல்லவில்லை.