மரியாதைக்கு மெலிந்த கண்டக்டர்

மரியாதை கொடுத்தால் இளைத்துப்போகிற மனிதர் ஒருவரைத்தான் என் வாழ்நாளில் பார்த்திருக்கிறேன். ஆந்திரத்துச் சித்தூரில் நான் மாடியில் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர். பஸ்ஸை விட்டு இறங்கிப் பத்து வருஷமாகியும் தெருவுக்கு அவர் கண்டக்டர்தான். அவர் மனைவி கண்டக்டரம்மா. நகரிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். வேறு பெயர்கள் இருக்கின்றனவா என்று ரேஷன் கார்டைத்தான் கேட்க வேண்டும்.

இங்கே குடிவந்த மறுநாளே நான் அலாரம் வைப்பதை விட்டுவிட்டேன். காலை ஐந்தரைக்குக் கீழே தமிழ் தொடங்கிவிடும்.

"யோவ், பாலு பொங்கிக்கினு கீது! பேப்பர்ல உன் பேரா போட்டுக்கீறான், அப்பிடி பாக்கிற?"

"நீதானமே அடுப்பாண்ட நிக்கிற? எனுக்கு இன்னா பத்து கையா?"

"கீற ரெண்டே தண்டம்!"

ஒரு கோடையில் பங்காருபாளையம் போய் ஒரு கூடை மாம்பழம் வாங்கிவந்தார் கண்டக்டர். அந்தம்மா ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஊரு பூரா நல்ல பயமா கெடக்க சொல்ல, அழுவுனதா பாத்து பொறுக்கிக்கினு வர்றதுக்கு ஒரு தெறம வோணும்யா!"

கண்டக்டர் மாடியை அண்ணாந்து பார்த்தார். "கேட்டீங்களா சார்? தெறமன்றா!"

விருது வாங்கியவர் முகம். பாவம், அடிபட்டு அடிபட்டு மனுஷனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று முடிவுகட்டினேன்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. இல்லற விஷயத்தில் என் அனுபவமெல்லாம் கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்ததோடு சரி. இவ்வளவு தகுதி இருந்தால் சும்மா இருக்க முடியுமா? திருப்பதி ஓட்டல் ஒன்றில் வேலை பார்க்கும் அவர்கள் மகன் வந்தபோது, தனியாகக் கூப்பிட்டு ஆலோசனை வழங்கினேன். "தம்பி, இந்த வயசுல ரெண்டு பேருக்கும் நிம்மதி வேணாமா? கொஞ்ச நாள் பிரிச்சு வையுங்க."

"நானும் அதான்ணா நெனச்சிக்கினு இருந்தேன். நைனாகிட்ட அம்மா படாத பாடு படுது."

அடுத்த ஞாயிறு, அம்மாவைத் தன்னோடு திருப்பதிக்கு அழைத்துப்போக மகன் ஆட்டோவோடு வந்தார். 'போவாத' என்று கண்டக்டர் சொல்வார் என அந்தம்மா வாசலில் நின்றார். 'நான் வரல' என்று அந்தம்மா சொல்வார் எனக் கண்டக்டர் நின்றார். ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்தார். தெருவே பார்க்கிறதே என்ற வீம்பில் கண்டக்டர் வாயைத் திறந்தார்: "போய்ட்டு வா. அப்பாடா, எங்காது குளுந்துது!"

அந்தம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

அன்று முதல் தினமும் சாயங்காலம் அந்தம்மாவிடமிருந்து போன். கண்டக்டருக்குக் காது மந்தம், ஸ்பீக்கரில்தான் பேசுவார். எனக்கும் கேட்கும்.

"பாகுன்னாரா?"

"பாகுன்னானண்டி."

"போஜனம் சேசாரா?"

"சேசானண்டி."

நலமா, நலந்தான், சாப்பிட்டீர்களா, சாப்பிட்டேன். அச்சுப்பிசகாத தெலுங்கு, வார்த்தைக்கு வார்த்தை 'அண்டி' போட்ட மரியாதை. மூன்று வாரப் பிரிவில் இவ்வளவு நாகரிகமா என்று எனக்குப் புல்லரித்தது. என்னை நானே முதுகில் தட்டிக்கொண்டேன். முழுதாகக் கை எட்டவில்லை, எட்டியவரை தட்டினேன்.

ஆனால் கண்டக்டருக்குச் சட்டை தொளதொளவென்று ஆகிக்கொண்டே வந்தது. நான் வாங்கிவந்த இட்லி பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது.

ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் பேத்தி, மகனின் பெண், லீவு நாளில் தாத்தாவைப் பார்க்க வந்தாள். சாயங்காலப் போனைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அங்கிள், ஆயா எத்தினி நாளா தெலுங்கு பேசுது?"

"மூணு வாரமா. என்ன மரியாதை பார்த்தியாம்மா!"

"மரியாதையா? ஆயாவுக்கு நெஜமாவே கோவம் வந்தாத்தான் தெலுங்கு வரும்! இது வரிக்கும் ரெண்டு நாளு தாண்டுனதே இல்ல!"

கண்டக்டர் தரையைப் பார்த்தபடியே சொன்னார். "முப்பது வருசம் பஸ்ஸுல நான் பேசுன தெலுங்கு சார் அது. ஜரகண்டி, திகண்டின்னு. தள்ளி நில்லுங்க, எறங்குங்கன்னு சொல்றது. என்னிய பாசஞ்சர் ஆக்கிட்டா சார். பாசஞ்சர்னா எறங்கி போறவன்தான?"

மறுநாள் மூவரும் திருப்பதி பஸ் ஏறினோம். "தாத்தா, போன ஒடனே மன்னிப்பு கேட்டுடு," என்றாள் பேத்தி.

"டிக்கெட்டுதான் கேட்டுக்கீறேன். மன்னிப்புலாம் கேட்டு பயக்கமில்லியே."

மகன் வீட்டுக் கதவை அந்தம்மாதான் திறந்தார். கணவரைப் பார்த்தார். "ரண்டி. கூர்சோண்டி."

வாங்க, உட்காருங்க. எங்கள் இருவருக்கும் தண்ணீரைக் கையில் கொடுத்தவர், கண்டக்டருக்கு மட்டும் தட்டில் வைத்து நீட்டினார். மூன்றாம் மனிதருக்குக் கொடுப்பதுபோல. கண்டக்டர் உட்காரவில்லை.

"காது குளுந்துதுன்னு சொன்னது பொய்மே. அடச்சிக்கினு போச்சு. வூட்ல ஒரு சத்தம் இல்ல."

அந்தம்மா தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். பிறகு, "தாகண்டி," என்றார். குடியுங்கள். குரல் முன்போல் கறாராக இல்லை.

கண்டக்டர் டம்ளரை எடுத்தார். அண்ணாந்து ஊற்றியதில் பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது.

"யோவ்!"

வீடே அதிர்ந்தது.

"தண்ணி குடிக்க தெரியாத உனுக்கு எவன்யா வேல குடுத்தான்? சட்டய தோச்சி எத்தினி நாளாவுது? துன்னியா, இல்லியா? எலும்பு தெரியுது பாரு, எரும!"

ஒவ்வொரு சொல்லுக்கும் கண்டக்டர் ஒரு சுற்றுப் பருத்தார்.

மகன் பதறி ஓடிவந்தார். "அம்மா, நைனாவ திட்டாதம்மா!"

"நீ சும்மா கெடடா!" என்றார்கள் இருவரும், ஒரே குரலில், சுத்தமான தமிழில்.

அன்றைக்கே சித்தூர் திரும்பினோம். "எங்கள பிரிக்க சொல்லி எம் புள்ளைக்கு சொல்லி குடுத்தது யாரு?" என்று பஸ்ஸில் அந்தம்மா கேட்டார். கண்டக்டர் ஜன்னல் வழியே மலையைப் பார்த்தார். நான் எழுந்து ஒரு கிழவருக்கு இடம் கொடுத்தேன். அவர் கேட்கவே இல்லை.

அதற்கப்புறம் ஒரு வாரம் எனக்குத்தான் தெலுங்கு. "காபீ தீசுகோண்டி சார்." எடுத்துக்கொள்ளுங்கள் என்று வைத்த அந்தக் காபி ஆறி ஆடை கட்டியது. எனக்கும் சட்டை தொளதொளத்ததுபோல் இருந்தது.

எட்டாம் நாள் காலை கீழேயிருந்து சத்தம் வந்தது. "யோவ் மாடி! மோட்டார போட்டுட்டு தூங்கிக்கினு கீறியா? தண்ணி ரோட்ல போவுது, அறிவு கீதா உனுக்கு?"

பாய்ந்து இறங்கி மோட்டாரை நிறுத்தியிருக்கலாம். இன்னும் இரண்டு வார்த்தை திட்டட்டுமே என்று படியிலேயே சற்று நின்றுகொண்டேன்.