ஸ்டெல்லா அக்காவின் எஞ்சினுக்கு நான் வைத்த பரீட்சை

எனக்கு வண்டி வாகனங்களைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. இதை எட்டு வருடங்களுக்கு முன்பே ஒப்புக்கொண்டிருந்தால் ஒரு நல்ல வெள்ளைச் சட்டையாவது மிஞ்சியிருக்கும்.

அப்போது என் மனைவி செல்விக்கு ஏழாம் மாதம். வடகரையிலிருந்து தென்காசி ஆஸ்பத்திரிக்கு பைக்கில்தான் போய்வந்துகொண்டிருந்தோம். ஒருநாள் சாரலில் தொப்பலாக நனைந்து இறங்கியவள், "பிள்ள பொறக்கதுக்குள்ள ஒரு காரு வேணும். பழசானாலும் சரி, நடுவழியில நிக்காத வண்டியா பாருங்க" என்றாள். நியாயம்தானே? வலி எடுத்த பிறகு இறங்கித் தள்ளச் சொல்ல முடியுமா?

நான் தமிழ் வாத்தியார். பத்து நாள் செல்போனில் எஞ்சின் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். வெள்ளைப் புகை வந்தால் ஒரு வியாதி, நீலப் புகை வந்தால் இன்னொரு வியாதி. ஆயில் மூடிக்கு அடியில் பால் மாதிரி படிந்திருந்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது என்று அர்த்தம். (ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போகலாமே என்றாள் செல்வி. "பெறகு நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.)

மேலகரத்தில் ஸ்டெல்லா அக்காவின் கார் விலைக்கு வந்தது. நர்ஸ் வேலையில் ஓய்வு பெற்று, மதுரைக்கு மகள் வீட்டோடு போகிறவர். அவர் டீ போட உள்ளே போனதும் பானட்டைத் திறந்து, ஆயில் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். மோந்தேன். பெரிய டாக்டர் மாதிரி தலையாட்டினேன். பால் இல்லை. "டீ ஆறுது தம்பி!" என்று அக்கா கூப்பிட, பானட்டைச் சாத்திவிட்டுப் போனேன்.

பிறகு வெள்ளோட்டம். நான் ஓட்ட, செல்வி பக்கத்தில், அக்கா பின்சீட்டில். குற்றாலம் நெருங்கும்போது செல்வி மூக்கைச் சுளித்தாள்.

"ஏங்க, எண்ணெ வாட அடிக்குல்லா?"

"குத்தாலத்துல எண்ணெ வாட அடிக்காம? அருவிக்கரையில மசாஜ் பண்ணுதாவ."

"இது கருகுன வாடையால்லா இருக்கு!"

"நம்ம வண்டில இப்பிடி வந்ததே இல்லையே" என்றார் அக்கா. நான் காதில் வாங்கவே இல்லை.

மெயினருவிக்குப் பக்கத்தில் பானட்டிலிருந்து புகை கிளம்பியது. வண்டியை நிறுத்தி, செல்வியைக் கைபிடித்து இறக்கிவிட்டு, ஈரத்துண்டோடு நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி கத்தினேன்.

"செத்த இஞ்சின எங்க தலையில கட்டப் பாத்தியளாக்கும்?"

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. "பதினோரு வருசம் ஓட்டிருக்கேன் தம்பி. மாதா சத்தியமா ஒரு நாளும் நின்னதில்ல."

உடம்பெல்லாம் எண்ணெய் மின்ன ஒரு மசாஜ்காரர் வந்து பானட்டைத் தூக்கினார். உள்ளே ஆயில் அபிஷேகம் நடந்திருந்தது. "அண்ணாச்சி, இங்கன மூடியவே காணுமே!"

"பாத்தியளா? மூடி கூட இல்லாத வண்டி!" என்று நான் கூட்டத்தைப் பார்த்து நியாயம் கேட்டேன்.

செல்வி மட்டும் என் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டைப் பையில் கறுப்பாக ஒரு வட்டம். கையை விட்டு மூடியை எடுத்து, எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தாள். அருவிச் சத்தத்தையும் மீறிச் சிரித்தார்கள். எனக்கு அப்படியே அருவி விழுகிற பொங்குமாங்கடல் பள்ளத்தில் குதித்துவிடலாமா என்றிருந்தது.

மசாஜ்காரரே ஓடிப்போய் ஆயில் வாங்கி வந்து ஊற்றினார். சிந்தியதைத் துடைத்து, மூடியை இறுக்கினோம். அக்கா சாவியைத் திருகினார். ஒரே திருகு, எஞ்சின் கிளம்பிவிட்டது.

"மன்னிச்சிருங்கக்கா. வண்டிய எங்களுக்குத் தருவியளா?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அக்கா செல்வியின் வயிற்றைப் பார்த்தார். "ஒனக்குத் தரமாட்டேன். இவளுக்குத் தாரேன். ஒன் கையில மாட்டியே சாவாத இஞ்சின், இனி எதுக்கும் சாவாது."

அக்கா சொன்ன சொல் பலித்தது. கொட்டுகிற மழையில் செல்வியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும், மகளோடு திரும்பக் கொண்டுவந்ததும் அதே வண்டிதான். எங்கேயும் நிற்கவில்லை.

மகள் இப்போது இரண்டாம் வகுப்பு. போன வாரம் அவளைப் பள்ளிக்கூடத்தில் விடக் கிளம்பும்போது, "இந்த வீட்ல கார் சாவிய ஒழுங்கா வைக்க ஒரு ஆளு கெடயாதா?" என்று நான் குதித்துக்கொண்டிருந்தேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, என் சட்டைப் பைக்குள் கையை விட்டாள். சாவி வந்தது. வண்டி வழக்கம்போல ஒரே திருகில் கிளம்பியது.